பதில் இல்லாத மன்றாட்டு

வேன் கதவு பாதிதான் திறந்தது. சந்தனமேரி உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்த இடுக்கு வழியாகவே இறங்கினாள். அவளுக்குப் பின்னால் பாடகர் குழுப் பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். எல்லோரும் திருநாள் பூசைக்கு உடுத்தும் நீலப் புடவையில் இருந்தார்கள். கடைசியாக உபதேசியார் அமலதாஸ் குடையோடு இறங்கி, பல்கலைக்கழகக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார்.

பெல்சி மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த தேநீரைக் குடிக்கவும் தோன்றவில்லை, வைக்கவும் தோன்றவில்லை.

"உங்களைத் தேடி வந்திருக்காங்களா?" பின்னால் நின்ற ரோகிணி கேட்டார்.

"எங்க கோயில் பங்குக்காரங்க மேடம்."

"அருமை. இந்த மாதிரி இசைக்கு யார் வேன் பிடிச்சு வர்றாங்க!"

ரோகிணி சொன்னது உண்மைதான். தென்மாவட்டங்களில் மேற்கத்திய முறையில் புதிதாகச் செவ்விசை எழுதுகிறவர்களைக் கூட்டி நடத்தும் கூடல் அது. சென்னையிலிருந்து ரோகிணி ஏற்பாடு செய்திருந்தார். நாகர்கோவில், கொடைக்கானல், பாளையங்கோட்டை என்று வந்திருந்தவர்கள் எல்லோரும் ஒரு பேருந்தில் அடங்கிவிடுவார்கள். நேற்று முழுக்க ஒருவர் எழுதியதை மற்றவர்கள் கேட்டார்கள். வெளியாள் என்று பார்த்தால், ஒலிபெருக்கிக்காரர் மட்டும்தான் இருந்தார்.

இன்று மதியம் பெல்சியின் முறை. வயலின் வகை வாத்தியங்கள் வாசிக்கும் சென்னை நால்வர் குழு அவள் எழுதியதை வாசிக்கும். கூடலின் முடிவில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து ஒரு வருடம் பெங்களூருக்கு அனுப்புவார்கள். அங்கே ஓர் அறை, ஒரு பியானோ, எழுத ஒரு மேசை. அந்த அறையின் படத்தை ரோகிணி நேற்றுத் திரையில் காட்டினார். பெல்சி பியானோவைப் பார்க்கவில்லை. கதவில் உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது.

தேவகோட்டையில் ஒரு பள்ளியில் அவள் பாட்டு டீச்சர். பதினாறு வயதில் மதுரை கன்னியர் மடத்தில் பியானோ கற்றுக்கொண்டு ஊருக்கு வந்தவளைப் பங்குச்சாமி கோயில் கீபோர்டுக்கு முன்னால் உட்கார வைத்தார். அதிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. சாமிமார்கள் மாறினார்கள். கீபோர்டு மாறியது. கல்யாணமும் உள்ளூரிலேயே முடிந்தது, மின்வாரியத்தில் வேலை பார்க்கும் மரிய ஆனந்தோடு. அவனுடைய அக்காதான் சந்தனமேரி. ஊரில் யாருக்காவது மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால் பெல்சி வெளியூர்ப் பயணத்தைத் தள்ளிவைப்பாள். யாரும் அப்படிச் செய்யச் சொன்னதில்லை. ஒருமுறை சித்தி மகள் கல்யாணத்துக்குத் தூத்துக்குடி போயிருந்தபோது ஒரு கிழவர் செத்துப்போனார். "டீச்சர் இல்லாம மொட்டையாப் பொதைச்சோம்" என்று அந்த வீட்டார் வருடக்கணக்கில் சொன்னார்கள்.

பெங்களூர் பற்றி மரிய ஆனந்திடம் கேட்டபோது, "கெடைக்கட்டும், பாப்போம்" என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினான். ஆனால் மறுநாளே போய்ச் சாமியிடம் பெருமையாகச் சொன்னது அவன்தான். சாமி பூசை முடிவில் அறிவித்தார். வேனும் அவரே பிடித்துக் கொடுத்தார்.

பெல்சி கீழே இறங்கிப் போனாள்.

"எதுக்கு மதினி இம்புட்டுப் பேரு?"

"எதுக்கா? நீ பாட்டுப் போடுவ, நாங்க வீட்ல வெங்காயம் உரிக்கணுமா? ஒரு வார்த்த சொன்னியாடி எங்ககிட்ட? களவாணி மாதிரி வந்து நிக்கிற."

"உள்ள ஏசி இருக்கா டீச்சர்?" அமலதாஸ் கேட்டார்.

"இருக்கு."

"அப்ப சரி. பாட்டு எப்படி இருந்தாலும் உக்காந்து கேப்பம்."

பெண்கள் சிரித்தார்கள். மரிய ஆனந்த் தள்ளி நின்று கட்டடத்தைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"மதினி, உள்ள யாரும் பேசக் கூடாது. பாட்டு நின்னு நின்னு வரும். முடிஞ்சுபோச்சுன்னு கைதட்டிரக் கூடாது. நடுவுல யாரும் எதுவும்..."

"நாங்க என்ன பச்சப்புள்ளைகளா? பிஷப்பு பூசையிலயே இருமலை முழுங்கிட்டு இருந்தவுக நாங்க."

இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. அதுதான் முக்கியமானது. பெல்சி வாயைத் திறந்தாள். அமலதாஸ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் படி ஏறி இடதுபக்கம் போங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவள் எழுதியிருந்தது மன்றாட்டுமாலை. சாவு வீட்டில் உபதேசியார் புனிதர்கள் பெயரை ஒவ்வொன்றாக இழுத்துப் பாடுவார். கூடியிருப்பவர்கள் ஒவ்வொன்றுக்கும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்பார்கள். எல்லாப் பங்கிலும் இது உண்டு. அவள் பங்கில் கூடுதலாக ஒரு வழக்கம். மன்றாட்டு யார் காதில் விழுந்தாலும் பதில் சொல்லிவிட வேண்டும். தெருவில் பைக்கில் போகிறவன் காலை ஊன்றி நின்று சொல்லிவிட்டுப் போவான். அடுத்த வீட்டில் சோறு வடிக்கிறவள் வடித்துக்கொண்டே சொல்வாள். பதில் இல்லாமல் விட்டால் செத்தவர் வாசலிலேயே நிற்பார் என்பார்கள்.

கொரோனா சமயத்தில் நெல்சன் வாத்தியார் இறந்தார். கல்லறைத் தோட்டத்தில் கவச உடுப்புப் போட்டவர்களைத் தவிர அமலதாசும் பெல்சியும்தான். அமலதாஸ் பாடினார். பெல்சிக்குத் தொண்டை கட்டியிருந்தது, குரல் எழவில்லை. அமலதாஸ் நிறுத்தவில்லை. ஒரு பெயரைப் பாடிவிட்டு, ஒரு கூட்டம் பதில் சொல்ல எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தார். பிறகு அடுத்த பெயர். திரும்பவும் காத்திருந்தார். அந்த இடைவெளியில் ஒன்றுமே இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆடு செருமியது. பெல்சிக்கு அப்போது பயமாக இல்லை. யாரும் தன்னிடம் எதுவும் கேட்காத இடத்துக்கு முதன்முறையாக வந்துவிட்டது போல இருந்தது. வீட்டுக்குப் போனபின் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. பள்ளிக்கூட லேப்டாப்பில் எழுத ஆரம்பித்தாள். சாப்பாட்டு மேசையில், தட்டு வைக்க இடம் கேட்டால் நகர்ந்துகொண்டு, இரண்டு மூன்று வருடம் எழுதினாள்.

பதில் சொல்லாதீர்கள் என்று கேட்க வேண்டுமானால், இந்தக் கதையை வேன் பக்கத்தில் நின்று அவர்களிடம் சொல்ல வேண்டும். அமலதாசை வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும்.

அரங்கில் இசையமைப்பாளர்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். நீலப் புடவைகள் பின்னால் இரண்டு வரிசையை நிறைத்தன. பெல்சிக்கு அவர்களுடைய வளையல் சத்தம் கேட்டது. தைல வாசனை வந்தது. கதவைச் சாத்தினார்கள்.

வயலினைவிடக் கொஞ்சம் பெரிய, தாழ்ந்த குரலுள்ள வியோலா ஆரம்பித்தது. மன்றாட்டு மெட்டைப் பெல்சி துண்டு துண்டாக உடைத்து வைத்திருந்தாள். ஒரு துண்டு வரும். பிறகு நால்வரும் வில்லைத் தூக்கியபடி அசையாமல் இருப்பார்கள். முதல் மௌனம் வந்தது. பின்னால் யாரும் மூச்சு விடவில்லை. இரண்டாவது மௌனமும் அப்படியே போயிற்று. வயலின்கள் மேலே சன்னமாக உராய்ந்துகொண்டிருந்ததில் மெட்டு அடையாளம் தெரியவில்லை. பெல்சி மடியில் கையைக் கோத்துக்கொண்டு அடுத்து வரப்போவதை எண்ணிப் பார்த்தாள். மற்ற மூன்று வாத்தியங்களும் விலகிக்கொண்டே போகும். முடிவில் வியோலா மட்டும் இருக்கும். அப்போது மெட்டு முழுதாக, சுத்தமாக, அமலதாசின் இழுப்போடு வரும். அவரைப் போலவே இழுக்கும்படி அவளே எழுதியிருந்தாள்.

எழுந்து போய் நிறுத்தச் சொல்லலாம் என்று நினைத்தாள். முன்வரிசையில் அவளுக்கு இரண்டு பக்கமும் ஆட்கள். முழங்கால்களைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மற்ற மூன்றும் நின்றன. வியோலா மெட்டைத் தொடங்கியது. பின்வரிசையில் ஒரு நாற்காலி முனகியது. மெட்டு கடைசிச் சுரத்தில் ஏறி நின்றது. வில் உயர்ந்தது.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

சத்தமாக இல்லை. சந்தனமேரியின் குரல் முதலில், மற்றவர்கள் அவளை ஒட்டி. வியோலாவின் சுருதிக்குக் கொஞ்சம் கீழே, அவர்கள் எப்போதும் நிற்கிற இடத்தில். வியோலாக்காரர் கண்ணை உயர்த்தினார். எழுதியிருந்தபடி அடுத்ததை வாசித்தார். பதில் வந்தது. அடுத்தது. பதில். மரிய ஆனந்தின் குரலும் இப்போது சேர்ந்திருந்தது. கடைசி மௌனத்தைப் பெல்சி மிக நீளமாக எழுதியிருந்தாள். அதிலும் அவர்கள் சொன்னார்கள். சொல்லி முடித்த பிறகு மிச்சம் கொஞ்சம் அமைதி இருந்தது. அமலதாஸ் அதில் "ஆமென்" என்றார்.

அரங்கு எழுந்து நின்று கைதட்டியது. நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த ஆசைத்தம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

முடிவை மாலைத் தேநீருக்குப் பிறகு அறிவித்தார்கள். ரோகிணி பெல்சியை மேடைக்கு அழைத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"இந்த ரெண்டு நாள்ல நாம கேட்டதில் இதுதான் உயிருள்ளது. தேர்வுக்குழு ஒரே மனசா சொல்லிட்டாங்க. ஆனா இதை எழுதினவரைக் கொண்டுபோய்ப் பெங்களூர்ல ஒரு ரூமுக்குள்ள அடைக்கிறது பாவம். இது அந்த மக்கள்கிட்டதான் இருக்கு. அதனால பெல்சி அங்க வரப்போறதில்லை. நாங்க பெல்சியோட ஊருக்கு வர்றோம். வருஷம் முழுக்க. அவங்க கோயில்லயே ஒலிப்பதிவு, அவங்க குழுவோடயே."

பின்னாலிருந்து குலவைபோல ஒரு சத்தம் வந்தது. பெல்சியின் கையில் மைக் இருந்தது. எப்போது கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

"மேடம், அவங்க சொன்னது நான் எழுதினதில இல்ல" என்றாள். "அந்த இடம் சும்மா இருக்கணும். யாரும் எதுவும் சொல்லக் கூடாது. அதுக்காகத்தான் எழுதினேன்."

அரங்கு அன்பாகச் சிரித்தது. ரோகிணி அவள் தோளில் கை போட்டார்.

"எழுதாம வந்தது பாருங்க, அதுதான் எங்களுக்கு வேணும்" என்றார்.

பெங்களூர் அறை ஆசைத்தம்பிக்குப் போனது. அவர் வந்து, "உங்களாலதான் எனக்குக் கிடைச்சுது" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர். பெல்சி வாழ்த்துச் சொன்னாள்.

திரும்பும்போது வேனில் நடு சீட்டில் அவளை உட்கார வைத்தார்கள். ஒரு பக்கம் சந்தனமேரி, மறுபக்கம் முறுக்குப் பை. கையை அசைக்க இடமில்லை.

"சொன்னேன்ல, கெடைக்கும்னு" என்றான் முன்னாலிருந்து மரிய ஆனந்த்.

"எப்பச் சொன்ன?"

அவன் திரும்பவில்லை. டிரைவரிடம் வீடியோவைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"அந்தம்மா நம்மளத் தேடி வருதுன்னா சும்மாவா?" என்றார் அமலதாஸ். "எனக்கு ஒரு புது சட்ட எடுக்கணும். டீச்சர், என் ஆமென் சரியான எடத்துலதான விழுந்துச்சு?"

"விழுந்துச்சு."

அமராவதிபுதூர் தாண்டியதும் பெண்கள் பாட்டை நிறுத்தினார்கள். சிலர் தூங்கினார்கள். சந்தனமேரி குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"கோவமா இருக்கியா?"

"இல்ல மதினி."

"வாயில தானா வந்துருச்சுத்தா. எம்புட்டோ அடக்கிப் பாத்தேன். அப்படி இழுத்துக் கூப்புட்டா எப்படிச் சும்மா இருக்கது? யாரு வாசல்ல நிக்கிறாகளோன்னு இருக்குல்ல."

பெல்சி தலையை ஆட்டினாள்.

"நீ எங்குட்டும் போகல. அதுவே போதும் எங்களுக்கு." சந்தனமேரி அவள் மடியில் ஒரு முறுக்கை வைத்தாள். பிறகு ஜன்னலைச் சாத்தினாள், பெல்சிக்குக் காற்று ஆகாது என்று.

வர வேண்டாம் என்று ரோகிணியிடம் சொல்லிவிடலாம். சொன்னால் யார் யார் என்னென்ன கேட்பார்கள் என்று பெல்சி ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தாள். சாமி கேட்பார். அமலதாஸ் கேட்க மாட்டார், சட்டையைப் பற்றிப் பேசுவதை விட்டுவிடுவார். ஊர் விளக்குகள் தெரிந்தபோது அவள் இன்னும் முதல் வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பெல்சி காலைப் பூசைக்கு வாசித்தாள். சாமி செய்தியை அறிவித்தார், எல்லோரும் கைதட்டினார்கள். பூசைக்குப் பின் பாடகர் குழுவில் புதிதாகச் சேர நாலைந்து பேர் பெயர் கொடுத்தார்கள். மதியம் ஆட்டுக்கறி. சாப்பிடும்போது ரோகிணி போனில் கூப்பிட்டு, கோயிலில் மின்விசிறிச் சத்தம் வருமா என்று கேட்டார். வரும் என்று பெல்சி சொன்னாள். அப்படியானால் வெயில் குறைந்த மாதமாகப் பார்த்து வருகிறோம், விசிறியை நிறுத்திக்கொள்ளலாம் என்றார். சரி என்றாள். சாயங்காலம் கண்டனூர் ரோட்டில் ஒரு வீட்டில் சாவு. மரிய ஆனந்த் பைக்கில் கொண்டுபோய் விட்டான். அமலதாஸ் மன்றாட்டுமாலையைத் தொடங்கினார். பெல்சி மற்றவர்களோடு பதில் சொன்னாள். வீட்டுக்கு வந்து, திங்கட்கிழமைக்கு உடுத்த வேண்டிய புடவையை இஸ்திரி போட்டாள்.