மீனுக்குக் குடிதண்ணீர்

நடுக்குடாக் கடலில், மூதூர் போகும் லாஞ்சுப் படகின் எஞ்சின் நின்றுவிட்டது. என் மடியில் ஜாம் போத்தல். அதற்குள், இரத்தினபுரிக் காட்டோடைகளைத் தவிர வேறெங்கும் வாழாத சிவப்பு மீன் ஒன்று, வெயில் தாங்காமல் மேலே வந்து வாயைப் பிளக்கிறது.

பக்கத்திலிருக்கும் மூதூர் மீனவர் போத்தலை வாங்கிப் பாதித் தண்ணீரைச் சரித்துவிட்டு, கடல்நீர் மொள்ளக் குனிகிறார். நான் அவர் கையைப் பிடித்து, முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அழைக்கிறபடி அழைக்கிறேன்.

"நானா, உப்புத் தண்ணியில இது செத்துப்போகும்."

"கடல் தண்ணி ஒத்துக்கொள்ளாத மீனா?"

என்னை ஒருமாதிரிப் பார்க்கிறார். பிறகு, ஈரத்துணி சுற்றிய தன் குடிதண்ணீர்ப் போத்தலைத் திறந்து மீனுக்குப் பாதி ஊற்றுகிறார். மீன் அடியில் இறங்கி வாலை ஆட்டுகிறது.

"தம்பி, இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதீங்க. மீனுக்குக் குடிக்கத் தண்ணி குடுத்தவன் எண்டு பேர் வந்தா, நான் பிறகு துறையில நிக்க ஏலாது."