காலண்டர் அட்டையில் வெட்டிய பேக்கிங்

இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். இனித் தயக்கமில்லை.

அறுபதுகளில், என் பழைய மோட்டார் சைக்கிளுக்கு பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரை வேறொரு வண்டியிலிருந்து எடுத்து ஸ்ரீரங்கத்து வீட்டிலேயே பொருத்தினேன். அதில் கலவையைச் சரிசெய்யும் திருகாணியை எப்படித் திருப்பினாலும் இன்ஜின் நின்றுபோனது. இன்ஜினோடு சேரும் இணைப்பில் காற்று புகுந்துகொண்டிருந்தது. பெருமாள் காலண்டரில் படத்தை மட்டும் பக்குவமாக உரித்துப் பூஜையில் வைத்துவிட்டு, பின்னட்டையில் அந்த இடைவெளியை அடைக்கும் பேக்கிங் வெட்டிப் போட்டேன். மறுபடி திருகாணியைத் திருப்ப, இன்ஜின் சீராக ஓடியது.

மனைவியின் அண்ணன் பார்த்துவிட்டார். "பெருமாளையே வெட்டி வண்டிக்குள்ள போட்டுட்டீங்களே மாப்பிள்ளை. இனி பெட்ரோல் எதுக்கு, தீர்த்தம் ஊத்துங்க."

"படம் பூஜையில இருக்கு. சேவிச்சுட்டு வந்து பேசுங்க" என்றேன்.

அவர் உள்ளே போகவில்லை. தெருவில் போய்ச் சொன்னார். தெருவும் என்னைப் பாவி என்றது. நான் அதே வண்டியில்தான் தினமும் கோயிலுக்குப் போனேன்.

வெட்டியது வெறும் அட்டை. இதைக் கூட்டாமல் குறைக்காமல் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.