குடுவையின் அடியில் ஒரு பெயர்

சுழல்கிற கடைசல் எந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து வெள்ளீயத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறார் இட்சுயோ. "நெளியாத, சனியனே! நேரா நில்லு!" உளி பட்ட இடத்திலிருந்து சீவல் சுருள் சுருளாக மடியில் விழுகிறது. அளவுகோல் பக்கத்திலேயே கிடக்கிறது, தொடுவதில்லை. உளியின் சத்தம் மெலிந்தால் குடுவையின் சுவரும் மெலிந்துவிட்டது என்று கணக்கு. அந்த அம்மாளுக்கு வயது ஐம்பத்தெட்டு.

ஒசாகாவின் இந்தப் பட்டறையில் அவர் வாயில் விழாதவர் கிடையாது. போன வாரம் ஒருவர் உருகிப்போன சாக்கே மதுக் குடுவையைத் தூக்கிக்கொண்டு புகார் சொல்ல வந்தார். "வெந்நீர்ல வெச்சு சூடு பண்ணுன்னு தலையில அடிச்சுக்கறோம். நீ அடுப்பு மேலயே ஏத்துவே, அது உருகாம உன்னைப் பாத்து சிரிக்குமா?" மனிதர் மன்னிப்புக் கேட்டு, புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு போனார்.

குளிக்கும்போது தலைமுடியிலிருந்து உதிரும் சீவலைக்கூடப் பொறுக்கி, மறுநாள் உருக்குச் சட்டியில் போடுகிறவர் அவர். முப்பத்தொரு வருஷமாக வீணாய்ப் போனது அவர் பெயர் மட்டும்தான். கடைவது இட்சுயோ, அடியில் விழும் முத்திரை முதலாளி வீட்டுடையது. பழைய முதலாளியாவது உளி பிடித்தவர். இப்போது முதலாளியாக இருக்கும் அவர் மகன் கெங்கோ சேர்ந்தாற்போல் இரண்டு நாள் கடைசலில் உட்கார்ந்ததில்லை. கேட்கிற நமக்கே வயிறு எரிகிறது. இந்த வருஷக் கண்காட்சிக்குப் போகும் குடுவையிலாவது அவர் பெயரைப் பொறிப்பதாக வாக்குக் கொடுத்திருந்தான். அதற்காக நாற்பது நாள் உழைத்தார்.

இன்று காலை, பெட்டியில் வைக்குமுன் குடுவையைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் கெங்கோவின் பெயர்.

"என்னடா இது?"

"கோவிச்சுக்காதீங்கக்கா. கண்காட்சிக்காரங்களுக்கு என் பேருதான் தெரியும். பரிசு வந்தா உங்களுக்கும் பெருமைதானே?"

"பெருமையை நீயே வெச்சுக்கோ. என் வேலையில உன் பேரை அடிக்கறதுக்குக் கை கூசலையாடா உனக்கு?"

"வண்டி வந்து நிக்குதுக்கா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

இட்சுயோ குடுவையைக் கவிழ்த்துக் கடைசலில் மாட்டினார்.

"அக்கா, வேணாம்! ஓட்டை விழுந்துடும்!" என்று பதறினான் கெங்கோ.

அவர் உளியை வைத்தார். முத்திரை ஒரே சீவலாகச் சுருண்டு வந்தது. அதை எடுத்து அவன் சட்டைப் பையில் போட்டுவிட்டு, பெயரில்லாத குடுவையைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.