மதிலுக்கு அந்தப் பக்கம் எறிந்தவை

பாலையூற்றில் சின்னதாய் ஒரு தையல் கடை வைத்திருப்பவர் கலீலுர் றஹ்மான். பள்ளிச் சீருடைதான் அவருக்கு முக்கிய வேலை. போன தை மாதத்து மழைக்குள் அவருடைய ஒரே மகள் அம்ரா டெங்குக் காய்ச்சலில் போய்விட்டாள். எட்டு வயது. ஐந்து நாள் காய்ச்சல், அதில் இரண்டு நாள் ஆஸ்பத்திரி, பிறகு ஜனாஸா. அவளுக்கென்று வெட்டி வைத்த சட்டைத் துணி தைக்கப்படாமலே மேசையில் கிடந்தது.

வீட்டின் பின்மதிலைத் தாண்டினால் ஒரு வெறும் வளவு, வீடு கட்டாத காணி. சொந்தக்காரர் கனடாவில். ஒழுங்கை ஒடுக்கம், குப்பை ட்ராக்டர் உள்ளே வராது. அதனால் சுற்றியிருந்த வீடுகளெல்லாம் குப்பையை அந்த வளவுக்குள்தான் எறிந்தன. விசாரிக்க வந்த சுகாதாரப் பரிசோதகர் அங்கே கிடந்த சிரட்டைகளிலும் யோகட் கப்புகளிலும் தேங்கிய மழைத்தண்ணீரில் நுளம்புக் குடம்பிகள் புழுப்போல நெளிவதைக் காட்டினார்.

வளவுக்கு அடுத்த வீடு குலசிங்கத்தினுடையது. தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒழுங்கைச் சனமெல்லாம் பார்த்திருக்க றஹ்மான் அவர் வாசல் படலையில் போய் நின்று, "உங்கட குப்பைதான் என்ர பிள்ளையத் திண்டது" என்றார். குலசிங்கம் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

அடுத்த ஞாயிறு குலசிங்கம் ஓர் உரப்பையோடு தனியாக வளவுக்குள் இறங்கினார். அதற்கடுத்த ஞாயிறும் இறங்கினார். குற்றமுள்ள மனசு குத்துகிறது, குத்தட்டும் என்று றஹ்மான் நினைத்துக்கொண்டார். பிறகு பாலர் பாடசாலை ஆசிரியை சிவாஜினி சேர்ந்தாள். ஹார்ட்வெயார் கடை றிப்தி கையுறைகள் கொண்டுவந்தான். ஒவ்வொரு வீடாக ஆட்கள் வந்தார்கள். பத்து வருடம் பக்கத்தில் இருந்தும் பெயர் தெரியாதவர்கள், நிரம்பிய பைகளைத் தெருமுனை வரை சேர்ந்து தூக்கிப் போய், ஒரே கேத்தலில் தேநீர் ஊற்றிக் குடித்தார்கள். றஹ்மான் வீடு மட்டும் போகவில்லை.

ஆவணியில் ஒரு ஞாயிறு, குலசிங்கம் ஒரு செத்தவீட்டுக்காகக் கிளிவெட்டிக்குப் போயிருந்தார். அவர் இல்லாத தைரியத்தில் றஹ்மான் வளவுக்குள் போனார். தன் மதிலோரத்துப் புதரை விலக்கினார். உள்ளே எடுபடாமல் மிஞ்சிய நாலைந்து ஷொப்பிங் பைகள். எல்லாவற்றின் வாயும் வெள்ளைத் துணிக் கீலத்தால் இறுக்கிக் கட்டியிருந்தது. சீருடை வெட்டி மிஞ்சிய துண்டு. அந்த ஒழுங்கையில் வேறு எந்த வீட்டில் அப்படிக் கட்டுவார்கள்? மதிலுக்கு மேலால் தன் கையாலேயே எறிந்து மறந்தவை. ஒரு பை கிழிந்து, அம்ரா வெள்ளிக்கிழமைகளில் விரும்பிச் சாப்பிடும் யோகட்டின் கப்புகள், காய்ந்த சேற்றோடு வெளியே சிதறிக் கிடந்தன.

அவர் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். சிவாஜினி பக்கத்தில் வந்து நின்றாள். இந்த மதிலோரத்தில் தன்னைத் தவிர வேறு ஒருவரையும் கை வைக்க விடமாட்டார் குலசிங்கம் ஐயா, ஏனென்று இப்போதுதான் விளங்குகிறது என்று மெதுவாகச் சொன்னாள்.

மறுநாள் பின்னேரம் றஹ்மான் குலசிங்கத்தின் வீட்டுக்குப் போனார். கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"தெரிஞ்சும் ஏன் ஐயா சொல்லேல்ல?"

"பிள்ளையப் பறிகுடுத்த மனுசனிட்ட அதை எப்பிடித் தம்பி சொல்லுறது? ஆரிலயாவது கோவப்பட்டாத்தானே உங்களால எழும்பி நடக்க ஏலும். அது என்னில இருக்கட்டும் எண்டு விட்டிட்டன்." மறுபடி கதிரையை நகர்த்திவிட்டு, "என்ர பையும் அங்கதான் கிடந்தது. எந்தக் கப்பில இருந்து அந்த நுளம்பு பறந்தது எண்டு ஆருக்குத் தெரியும்" என்றார்.

றஹ்மான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து மனைவி நஜ்முன் நிஸாவிடம் எப்படிச் சொல்வதென்று வெகுநேரம் தடுமாறி, கடைசியில் சொன்னார். அவள் அழவில்லை.

"பையைக் கட்டி உங்களிட்டத் தாறது நான்தானே. பரிசோதகர் வந்த அண்டைக்கே எனக்குத் தெரியும்" என்றாள்.

ஏழு மாதம் அவள் அதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள்.

அடுத்த ஞாயிறு இருவரும் வளவுக்குப் போனார்கள். குலசிங்கம் ஐயாவில் பிழையில்லை, தன் வீட்டுக் குப்பையும் அங்கே கிடந்தது என்று எல்லோர் முன்னாலும் றஹ்மான் சொன்னார். றிப்தி இரண்டு சோடி கையுறைகளை நீட்டினான்.

அந்த மாரியில் ஒழுங்கையில் ஒருவருக்கும் டெங்கு வரவில்லை. மழை விட்ட பின்னேரங்களில் வளவில் பிள்ளைகள் பந்தடிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்று தவறாமல் குப்பை பொறுக்கப் போகும் நஜ்முன் நிஸா, அந்தப் பிள்ளைகளின் சத்தம் கேட்கத் தொடங்கினால் எழும்பிப் போய்த் தையல் மெஷினை மிதிக்கத் தொடங்குவாள். சில நேரம் ஊசியில் நூல்கூட இருக்காது.