ரெட்டைக் கோபுரத்துக்குப் போகும் வழியில் ஒரு ஊறுகாய் ஜாடி

சுற்றுலா வேன் ஓட்டும் பிழைப்பில் ஓட்டுவது ஒன்றுதான் சுலபமான வேலை. ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களுக்குக் கோலாலம்பூரைச் சுற்றிக் காட்டிவிட்டு, சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பிய எல்லாருக்கும் இது தெரியும். உங்களுக்காவது எப்போதாவதுதான். எனக்குத் தினமும். அதில் பொள்ளாச்சித் தோழிகள் மூன்று பேரோடு போன ஒரு நாளை மட்டும் சொல்கிறேன். உங்களுக்கு ஆறுதலாக இருக்கும்.

மூன்று பேர், ஆறு பைகள்

தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான் வாங்கிய ஒரே பரிசு, நேரம் தவறாமைக்கு. ஒரு பிளாஸ்டிக் சோப்புப் பெட்டி. அந்தப் பெருமையெல்லாம் வேன் வாங்கியதோடு சரி. அன்று காலை பிரிக்ஃபீல்ட்ஸ் நர்சரியில் என் மூன்று வயது மகள் யாழினியை விடும்போது நர்சரி ஆன்டி கேட்டை விடாமல் பிடித்துக்கொண்டார். "இந்த மாசம் ரெண்டு தரம் லேட்டு மா. இன்னிக்கும் ஆறு மணி தாண்டுச்சுனா, நாளையிலருந்து வேற எடம் பாத்துக்க லா." வீட்டுக்காரருக்கு மதிய ஷிப்ட், அவரால் போக முடியாது. வேறு நர்சரி கிடைக்கும்வரை வேன் வீட்டு வாசலில் நிற்கும். பக்கத்தில் நானும் நிற்கலாம்.

பத்து மலை, அரண்மனை வாசல், ரெட்டைக் கோபுரம், ஐந்தரைக்கு ஹோட்டல். இதுதான் திட்டம். மூன்று தோழிகளும் ஆளுக்கு இரண்டு பைகளோடு ஹோட்டல் வாசலில் நின்றார்கள். கோமதி அக்காதான் தலைவி; சரோஜா அக்காவும் விஜயா அக்காவும் அவர் சொல்படி. பைகளில் என்ன என்று கேட்டேன். ஊறுகாய், அப்பளம், அதிரசம். இங்கே இருக்கும் யார் யாருக்கோ ஊரில் யார் யாரோ கொடுத்துவிட்டது. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு வீடு, கிள்ளானில் ஒன்று, மேருவில் ஒன்று. பத்து மலை இருப்பது ஒரு திசை, இந்த வீடுகள் இருப்பது இன்னொரு திசை என்று பணிவாகச் சொன்னேன். கோமதி அக்கா என் தோளைத் தட்டினார். "முருகன் எங்கயும் போயிர மாட்டாரு அம்மிணி. அதிரசம் கெட்டுப்போயிரும், மொதல்ல அதக் குடுத்துப்போட்டுப் போயிறலாம்."

வாசலோடு ஐந்து நிமிடம்

பெட்டாலிங் ஜெயா வீட்டில் வாசலோடு கொடுத்துவிட்டு ஐந்தே நிமிடத்தில் வந்துவிடுவோம் என்றார்கள். நம்பி இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து, தோசையின் வாசத்தோடு மூன்று பேரும் வெளியே வந்தார்கள்.

கொடுத்தது ஒரு பை. வாங்கிவந்தது மூன்று பை. பிஸ்கட் டின், கோடாலித் தைலம், யாருக்கோ ஒரு ஜோடி செருப்பு, எல்லாம் பொள்ளாச்சிக்குப் போகவேண்டியவை. சரக்கை இறக்க இறக்க பாரம் ஏறுகிற வண்டியை உலகத்தில் நான் ஒருத்திதான் ஓட்டியிருப்பேன். வாசல்வரை வந்த வீட்டுக்கார அக்கா என்னைப் பார்த்து, "ஐயோ, டிரைவரும் பொண்ணா? தெரிஞ்சிருந்தா உள்ள கூப்பிட்டு உங்களையும் சாப்பிட வெச்சிருப்பேனே, இன்னும் ஒரு மணி நேரம் இருந்துட்டுப் போங்க லா!" என்றார்.

இரண்டு அதிரசம்

கிள்ளான் வீட்டில் நானும் உள்ளே போனேன், கையோடு இழுத்துக்கொண்டு வரலாம் என்று. அந்த வீட்டு அம்மா முதலில் ஊருக்குப் போனைப் போட்டார். போன் காதில் இருக்க, டப்பாவைத் திறந்து அதிரசத்தை ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கினார். பிறகு எங்களைப் பார்த்தார். "எங்க அண்ணி இருபதுன்னு சொல்றாங்க. பதினெட்டுதானே இருக்கு?"

டப்பாவைக் கொண்டுவந்தது சரோஜா அக்கா. சுங்கத்தில் எடுத்திருப்பார்கள் என்றார், முகம் மாறாமல். மலேசிய சுங்க அதிகாரி சரியாக இரண்டு அதிரசத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மூடியைப் பத்திரமாக மூடிக் கொடுத்தார் என்பதை அந்த அம்மா நம்பியதாகத் தெரியவில்லை. எங்களுக்கு ஆற்றிய பால் டீயான தே தாரிக் வந்தது, சர்க்கரை குறைவாக. வேனில் ஏறியதும் சரோஜா அக்கா என் காதருகே வந்து மெதுவாகச் சொன்னார். "ஏரோப்ளேன்ல குடுத்த சோறு வாயில வைக்க முடியல கண்ணு."

பூட்டிய வீடு

மேருவுக்கு வரும்போது மணி மூன்று. தொழிற்சாலைகளைச் சுற்றிச் சுற்றி ஒரு தாமான் குடியிருப்பைக் கண்டுபிடித்தால், வீடு பூட்டியிருந்தது. விஜயா அக்கா மடியில் ஒரு பெரிய நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடி. பொள்ளாச்சியிலிருந்து குழந்தையைப்போல் துணி சுற்றித் தூக்கிவந்தது.

பக்கத்து வீட்டு அங்கிள் குழாயை நிறுத்திவிட்டு வந்தார். "அவங்களா? நேத்து ராத்திரி ஃப்ளைட்ல இந்தியா போயிட்டாங்களே. பொள்ளாச்சியில அவங்க அக்கா வீட்டுக்கு." ஊறுகாய் போட்டுக் கொடுத்தவரே அந்த அக்காதான். அங்கிள்தான் ஜாடியைப் பார்த்து வருத்தப்பட்டார். "ஒரு போன் பண்ணியிருந்தா, உங்களுக்குத் தூக்குற வேலை மிச்சம் லா!"

கீழிருந்து கும்பிடு

பத்து மலைக்கு வந்தபோது நாலரை. படியேறி இறங்க நேரமில்லை என்றேன். மூன்று பேரும் அண்ணாந்து படிகளைப் பார்த்தார்கள், தங்கள் முழங்கால்களைப் பார்த்தார்கள், என்னை நன்றியோடு பார்த்தார்கள். கீழே பெரிய முருகனுக்கு முன்னால் நின்று ஒரு கும்பிடு, நாற்பது போட்டோ. விஜயா அக்கா எல்லாப் படத்திலும் ஜாடியோடு நிற்கிறார். "நாம மேல போகாட்டி என்ன? அவரு இத்தன ஒசரத்துல இருந்து நம்மளப் பாத்துட்டாரல்ல!" என்றார் அவர்.

ஆறு எட்டு

ஐந்தரைக்கு நகருக்குள் டிராஃபிக் ஜேமில் நின்றோம். அரண்மனை வாசல் எப்போதோ விட்டுப்போயிருந்தது. நேரே போனால் ரெட்டைக் கோபுரம். வலது பக்கம் திரும்பினால் பிரிக்ஃபீல்ட்ஸ். மறுநாள் காலை அவர்களுக்கு விமானம். சரோஜா அக்கா கோபுரத்து முன்னால் போட்டோ எடுத்து அனுப்புவதாகப் பேரனிடம் சொல்லியிருந்தார். அப்போதுதான் வாயைத் திறந்து யாழினி விஷயத்தைச் சொன்னேன்.

"இதக் காலைலயே சொல்றதுக்கென்ன?" கோமதி அக்கா கத்தினார். "ரெண்டு தரம் டீ குடிச்சிருக்க மாட்டமே! திருப்பு வண்டிய!"

நான் சரோஜா அக்காவைக் கண்ணாடியில் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "கோபுரத்த யாரு தூக்கிட்டுப் போகப்போறா? நீ திருப்பு கண்ணு" என்றார்.

நர்சரி வாசலில் நின்றபோது மணி ஆறு எட்டு. ஆன்டி ஒரு கையில் பூட்டு, மறுகையில் யாழினி. நான் வாயைத் திறப்பதற்குள் மூன்று பேரும் இறங்கி அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். தப்பு எங்க மேலதான், இந்தப் புள்ள காலைலருந்து பச்சத்தண்ணி குடிக்கல, இப்படி மூன்று குரலில். நான் கிள்ளானில் குடித்த தே தாரிக்கை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. ஆன்டி அசையவில்லை. விஜயா அக்கா துணியை அவிழ்த்து ஜாடியின் மூடியைத் திறந்தார்.

ஆன்டி குனிந்து முகர்ந்தார். பூட்டைக் கீழே வைத்தார். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடித் திறந்து, யாழினியின் கையை என் கையில் கொடுத்தார். "சரி மா. இந்த ஜாடி தீர்ற வரைக்கும் ஆறு பத்து வரைக்கும் வரலாம் லா."

மலேசியாவுக்கு வந்து ரெட்டைக் கோபுரத்தைப் பார்க்காமல் போனவர்கள் அந்த மூவராகத்தான் இருப்பார்கள் என்றால், தினமும் சாயங்காலம் கேட்டருகே நின்று ஜாடியில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று எட்டிப் பார்க்கும் ஒரே வேன் டிரைவர் நான்தான்.