மோடத்துக்கு வெள்ளிக்கிழமை ஆகாது

திண்டிவனத்தில் எங்கள் வீட்டு இன்டர்நெட்டுக்கு வெள்ளிக்கிழமை என்றாலே ஆகாது. துபாயில் என் கணவருக்கு அன்றுதான் லீவு. கம்ப்யூட்டரில் அவர் முகத்தைப் பார்ப்பதும் அன்று மட்டும்தான். அன்று பார்த்து, எந்தத் தளத்தின் பெயரை அடித்தாலும் 'சர்வர் கிடைக்கவில்லை' என்று வரும். திரும்பத் திரும்ப அடித்தால் ஒன்று திறக்கும், அடுத்தது திறக்காது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த தம்பிக்கு போன் போடுவேன்.

"அக்கா, லைன் நல்லாத்தான் இருக்குது. நாம பேரை அடிச்சா அதுக்கு நம்பரைத் தேடித் தர்றதுக்கு ஒரு சர்வர் இருக்குது. கம்பெனி குடுத்த சர்வர் தூங்கிக்கினு இருக்குது. மோடத்துல வேற சர்வர் நம்பரைப் போடு."

போடுவேன். வாரம் முழுக்க ஜோராக ஓடும். அடுத்த வெள்ளியன்று பார்த்தால் நான் போட்ட நம்பர் காணாமல் போய், பழைய தூங்குமூஞ்சி சர்வரே வந்து உட்கார்ந்திருக்கும். வைரஸ் என்றான் தம்பி. கம்பெனி ஆள் வந்து வயரை மாற்றிவிட்டுப் போனார். நான் பூனையைக்கூடச் சந்தேகப்பட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பாலைக் காய்ச்சி இறக்கிவிட்டு ஹாலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். என் மாமியார் மோடத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, எரியும் ஊதுவத்தியை அதன் முதுகில் இருந்த ஓட்டையில் அழுத்திச் செருகிக்கொண்டிருந்தார். ஊசியால் குத்தினால் போட்ட செட்டிங் எல்லாம் அழிந்துவிடும் ஓட்டை அது. ஊதுவத்திக்கென்றே துளைத்த மாதிரி அளவு கச்சிதமாக இருந்தது.

"என்ன அத்தை பண்றீங்க?"

"புள்ள இது வழியாத்தான வர்றான். லைன் அறுந்து அறுந்து பேஜாரு பண்ணிக்கினு இருக்குதே, அதான் வாராவாரம் கும்புட்டுக்கினு இருக்கேன்."

விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது.

"அப்ப நான்தான் எம்புள்ளய வராம பண்ணிக்கினு இருந்தனா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஊதுவத்தியைப் பிடுங்கி ஒரு வாழைப்பழத்தில் குத்தி மோடத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். நம்பரைத் திரும்பப் போட்டேன். சற்று நேரத்தில் கணவர் திரையில் வந்துவிட்டார்.

மாமியார் நலம்கூட விசாரிக்கவில்லை. திருநீறு எடுத்த கையைத் திரைக்குக் கொண்டுபோய், "குனிடா" என்றார். துபாயில் அவர் பணிவாகக் குனிந்தார். திரை முழுக்க வழுக்கை தெரிந்தது. ஊரைவிட்டுப் போகும்போது அந்த இடத்தில் முடி இருந்தது.