கரும்பலகையின் வலது மூலை

போன வாரம் வேலூரில் எங்களைப் போன்ற வாத்தியார்களுக்கு ஒரு பயிற்சி. என்னைவிட வெகு சின்னவர் ஒருவர் திரை போட்டுப் பாடம் நடத்தினார். பிள்ளைகள் மனதில் ஒரே நேரத்தில் கொஞ்சம்தான் நிற்கும், அதற்கு மேல் திணித்தால் எல்லாமே வழிந்துபோகும் என்றார். வரிசையாகச் சில வார்த்தைகளைச் சொல்லி, திருப்பிச் சொல்லுங்கள் பார்க்கலாம் என்றார். நான் மூன்றோடு நின்றுவிட்டேன். வீட்டில் அடுப்பை அணைத்தேனா இல்லையா என்று காலையிலிருந்தே ஒரு சந்தேகம். இத்தனை வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவளின் லட்சணம் இது.

பிறகு அவர், "கரும்பலகையில் பாடத்துக்குச் சம்பந்தமில்லாத எதுவும் இருக்கக் கூடாது" என்றார். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். எனக்குப் பேனா ஓடவில்லை. ஆம்பூரில் நான் பத்தாவது படித்த வகுப்பின் கரும்பலகை, அதுவும் அதன் வலது மூலை, கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது.

அந்த மூலையில் இருந்தது பாடமே இல்லை. 'பைப் தண்ணி', 'தம்பி மருந்து', 'கேஸ் வரும், சாவி பக்கத்து வீட்டில்'. இப்படித்தான் இருக்கும். எங்கள் கணக்கு டீச்சர் ரோஸ்லின் செய்த ஏற்பாடு அது. வகுப்பில் பாதிப் பேர் தோல் கம்பெனியில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். அம்மாக்கள் விடிந்ததும் கம்பெனி பஸ் ஏறிவிடுவார்கள். வீட்டுக் கவலையைப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு வருவோம். டீச்சர் வந்ததும் முதல் வேலையாக, "யார் யாருக்கு இன்னா ஞாபகம் வச்சுக்கணுமோ வந்து எழுதிட்டுப் போங்க. மணி அடிக்கிற வரைக்கும் அத நான் வச்சுக்கிறேன். நீங்க மறந்துடுங்க" என்பார். பிறகு பலகையில் ஒரு வரி எழுதுவார். அது எல்லோருக்கும் புரிந்தால்தான் அடுத்த வரி. பலகை நிறைய எழுதுகிறவர்தான் கெட்டிக்காரர் என்று நம்பிய வயசு. இவருக்கு ஒன்றும் தெரியாது போல என்று பேசிச் சிரித்திருக்கிறோம்.

ஷகிலா எனக்குப் பக்கத்தில் உட்காருவாள். அவள் விரலில் எப்போதும் பசை வாடை அடிக்கும். அவளுடைய அம்மா வீட்டிலிருந்தபடியே ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுப்பவர். கம்பெனி ஏஜெண்டு மூட்டையாகக் கொண்டுவந்து போட்டு, தைத்ததை எடுத்துப்போவார். அப்பா இல்லாத வீடு. அந்த மூட்டையை நம்பித்தான் உலை வைத்தார்கள். ஷகிலா உருதுவில் எண்ணி, தமிழில் கேட்டு, நடுவில் வீட்டில் நூல் இருக்கிறதா என்று யோசித்து, கணக்கில் தடுமாறிக்கொண்டே வந்தவள். பத்தாவது பாஸானால் மேலே படிக்கலாம், இல்லையென்றால் வேலைக்குப் போக வேண்டியதுதான் என்று வீட்டில் பேச்சு. மூலையில் எழுத ஆரம்பித்த பிறகு மெல்லத் தேறினாள். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

ஒரு நாள் அவள் அம்மா வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். சாப்பாட்டு மணி அடித்ததும் ஷகிலா வீட்டுக்கு ஓடிப்போய் ஏஜெண்டிடம் மூட்டையைக் கொடுக்க வேண்டும். கப்பலேறுகிற அவசரச் சரக்கு. காலையிலேயே மூலையில் எழுதிவிட்டு, நிம்மதியாக வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் இன்ஸ்பெக்‌ஷன். பள்ளி ஆயாம்மா ஓடிவந்து பலகை முழுவதையும் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போனார். டீச்சர் அதிகாரிக்கு நல்ல நாற்காலி தேடும் பதற்றத்தில் மூலை அழிந்ததைக் கவனிக்கவில்லை.

அதிகாரி ஒரு கணக்கை எழுதி, யார் போடுவீர்கள் என்றார். எழுந்தது ஷகிலா. வரி வரியாக, எங்கேயும் நிற்காமல் போட்டாள். இன்னொன்று கொடுத்தார், அதையும் போட்டாள். அடுத்ததை அவளே கேட்டு வாங்கினாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. சாப்பாட்டு மணி அடித்ததை வகுப்பில் ஒருவரும் கவனிக்கவில்லை. அதிகாரி கைதட்டினார், நாங்களும் தட்டினோம், ரோஸ்லின் டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஏஜெண்டு பூட்டிய வீட்டைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். மறுநாளிலிருந்து மூட்டை வேறு தெருவுக்குப் போனது. ஷகிலா பள்ளிக்கு வரவில்லை. டீச்சர் என்னையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். ஷகிலாவின் அம்மா எங்களை உட்காரவைத்து டீ கொடுத்தார். சத்தமே போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை.

"எம் பொண்ணு மறக்கிற பொண்ணு இல்ல டீச்சர். நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. ஆனா மறக்கச் சொல்லிக் குடுத்தது நீங்கதானே?"

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துகொண்டார். ஷகிலாவைக் கம்பெனியில் சேர்த்துவிட்டார்கள். அதற்கப்புறம் டீச்சர் எங்கள் யாரையும் எழுதச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பாடம் பழையபடி காதில் பாதி விழுந்தது, பாதி போனது. யார் மேல் தப்பு என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பயிற்சி முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் ஆம்பூர் பஸ் ஏறினேன். ஷகிலா இப்போது சூப்பர்வைசர். எந்த லைனில் என்ன சைஸ் ஓடுகிறது, யார் லீவு, மகளுக்கு என்றைக்கு ஸ்கேன், எல்லாம் தலைக்குள்ளேயே வைத்திருக்கிறாள். கம்பெனி கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நின்றோம்.

"இன்னாடீ, திடீர்னு வந்து நிக்கிற?"

"அன்னிக்கு அதிகாரி முன்னால போட்டியே, அந்தக் கணக்கு ஞாபகம் இருக்கா?"

"கணக்கா? அது எப்பவோ போய்ட்டுது" என்று சிரித்தாள். பிறகு டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"தலையில ஒண்ணுமே இல்லாம நின்னேன் பாரு, அது ஞாபகம் இருக்கு. அந்த மாதிரி அப்புறம் ஒரு நாள் கூட வரலடீ."